செலஸ்ரீனா அக்காவின் வாய்

"மூடு வாயை!" என்று தொலைக்காட்சியில் பேசும் கோட்டுக்காரரை அதட்டிவிட்டு, செலஸ்ரீனா அக்கா தலையணை உறையை மறுபக்கம் திருப்பி அயன் பண்ணுகிறார். கோட்டுக்காரர் கடலை மூட வேண்டும் என்கிறார். எதிரில் இருக்கும் கண்ணாடிக்காரி துறைமுகங்களைத் திறந்து வைக்க வேண்டும் என்கிறாள். "கடலிலை என்ன கதவே கிடக்கு, பூட்டுறதுக்கும் திறக்கிறதுக்கும்? ஒருக்கா ஒரு கந்தோருக்குப் போய் வரிசையிலை நிண்டு பாருங்கோவன்!" இதெல்லாம் தமிழில். சாய்நாற்காலியில் இருக்கும் எண்பத்தெட்டு வயது வீட்டுக்காரி சிஞ்ஞோராவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் தலையாட்டுவார். "சரியாகச் சொன்னாய், எல்லோரையும் திருப்பி அனுப்ப வேண்டும். உன்னை இல்லை, நீ நம்முடைய ஆள்" என்று இத்தாலியனில் சமாதானமும் சொல்வார்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னாலுள்ள அந்த மூன்றாம் மாடி வீட்டில் பதினொரு வருடமாக வேலை. ஊர் மன்னார், பேசாலை. வள்ளத்திலிருந்து கரைக்குக் கேட்க வேண்டிய குரல் அது. பலெர்மோ பஸ்ஸுக்குள் கொஞ்சம் அதிகம்தான். மீன்கடையில் அவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, கடைக்காரனின் முகத்தைப் பார்ப்பார். அவனே கையிலிருந்த மீனை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பான்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து சனம் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, உணவகத்தில் கோப்பை கழுவும் பெனடிக்ற் ஆரம்பித்தார். "நாங்கள் உயிரைக் காப்பாத்த வந்தனாங்கள். இப்ப வாறதுகள் உழைக்க வாறதுகள். பூட்டத்தான் வேணும்." அக்கா திரும்பினார். "பெனடிக்ற், மால்ராத் தீவிலையிருந்து நீர் வந்த வள்ளத்திலைதான் நானும் வந்தனான். தலைசுத்தி நீர் சத்தியெடுத்தது என்ரை மடியிலை. வந்து இறங்கின அடுத்த நாள் வேலை தேடிப் போனதும் நீர்தான். சும்மா இரும்." சனம் சிரித்தது. பஸ் வருகிறது என்று சொல்லிக்கொண்டு பெனடிக்ற் நடையைக் கட்டினார். பஸ் ஒன்றும் வரவில்லை.

அந்த வள்ளம் வந்தது தொண்ணூற்று நாலில். களவாக இறங்கி, ஒன்றரை வருடம் ஒளித்து வேலை செய்து, அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுத்தவர் அக்கா. அந்தக் கடல் அவருக்குப் போதும். தம்பி பிறின்சை அந்தப் பாதையில் விடவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். எல்லாம் முறைப்படி நடந்தது. பலெர்மோ ஓரத்திலுள்ள சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் சிஞ்ஞோர் நீனோ, பழம் பறிக்க ஆள் வேண்டுமென்று விண்ணப்பித்தார். விசா வந்தது. பிறின்ஸ் வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றுப்போட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பேசாலையில் விட்டுவிட்டு, விமானத்தில் ஜன்னலோரம் இருந்து வந்து இறங்கினான்.

மிச்சம் ஒன்றே ஒன்றுதான். முதலாளியும் வேலையாளும் குடிவரவுக் கந்தோருக்குச் சேர்ந்து போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் விசா வெறும் கடதாசி, பிறின்ஸ் கள்ளக்குடியேறி. ஆனால் அவன் வந்து சேர்ந்தது வைகாசியில். மண்டரின் பங்குனியோடு முடிந்துவிட்டது. அடுத்த மாரிக்கு ஆள் தேவைதான், அதற்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறதே என்பது சிஞ்ஞோர் நீனோவின் எண்ணம். "நான் கள்ளமா வந்து நேரானனான். இவன் நேரா வந்து கள்ளனாகப் போறான். இதை எந்த ரீவீக்காரன் கதைக்கிறான்?" என்று அக்கா கேட்கிறார். 

வியாழன் பின்னேரம் அக்காவுக்கு லீவு. ஆறு வியாழன் விடாமல் பஸ் மாறி மாறிச் சியாகுல்லிக்குப் போனார். வெறுங்கையோடு ஒரு வீட்டுப்படி ஏறக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் ஆட்டிறைச்சி றோல்ஸ் இருபது பொரித்துச் சுடச்சுடக் கொண்டுபோவார். போனவுடனே விஷயத்தைப் போட்டு உடைக்கவும் கூடாது. சுகம் விசாரித்து, கோப்பி குடித்து, எழும்புகிற நேரத்தில்தான் வாய் திறக்கலாம். அதற்குள் சிஞ்ஞோர் நீனோ தண்ணீர் இல்லாத கதை, மண்டரின் விலைபோகாத கதை, படகில் வருகிறவர்களால் நாடு கெட்ட கதை எல்லாம் சொல்லி முடித்திருப்பார். றோல்ஸும் முடிந்திருக்கும். வாசலில் வைத்து அக்கா மெல்ல, "அந்தக் கையெழுத்து..." என்று இழுப்பார். "ஓ, அதுவா! வருகிறேன், வருகிறேன்." உடனே அக்கா, மீன்கடைக்காரனை நடுங்க வைக்கிற அதே அக்கா, தேனாய் ஒழுகுவார்: "அவசரமில்லை சிஞ்ஞோரே, ஆறுதலாய் வாருங்கள்."

அட கடவுளே! பேசாலையில் ஒருவரிடம் 'ஆறுதலாய் வாருங்கோ' என்றால் அவர் மறுநாள் விடியவே வந்து நிற்பார். அது மரியாதைக்குச் சொல்கிற சொல் என்று அங்கே குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். சிஞ்ஞோர் நீனோவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவர் ஆறுதலாகவே இருந்தார்.

கையெழுத்து வைக்கக் கந்தோர் கொடுத்த முதல் தவணை ஆனி இருபதாம் திகதி, காலை பத்து மணி. பிறின்ஸ் புதுச்சட்டை போட்டுக் கந்தோர் வாசலில் நின்றான். பக்கத்தில் அக்கா. பன்னிரண்டு மணிக்கு வாசலைப் பூட்டினார்கள். தொலைபேசியில் பிடித்தால், "நீதானே அவசரமில்லை என்றாய்?" என்று கேட்டார் சிஞ்ஞோர் நீனோ. மனிதர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

அன்று பின்னேரம், பிறின்ஸ் தங்கியிருக்கும் ஒரேத்தோத் தெரு வீட்டுக் குசினியில் பிறின்ஸ் பொறுமை இழந்தான். "ரீவீயோடை கத்துறியள். பஸ்ஸுக்கை கத்துறியள். அந்த மனிசனுக்கு முன்னாலை மட்டும் உங்கடை வாய் எங்கை போகுது அக்கா?"

"முதலாளியெடா! கோவிச்சுக் கைவிட்டிட்டாரெண்டால்?"

"இப்ப மட்டும் என்ன, பிடிச்சுக்கொண்டே இருக்கிறார்?"

 முப்பது வருடம் பிறத்தியார் வீட்டில் வேலை செய்தவருக்கு, கையெழுத்து வைக்கிற கையைக் கண்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். அங்கே விழுங்கின சொல்லெல்லாம்தான் கோட்டுக்காரர் மேலும் பெனடிக்ற் மேலும் போய் விழுகிறது. அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இரண்டாம் தவணை கிடைத்ததே பெரிய காரியம். இதற்குப் பிறகு இல்லை என்று கந்தோர்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். நேற்றுத்தான் அந்த நாள். அடுத்த வீட்டில் வேலை செய்யும் அனிற்றாவைச் சிஞ்ஞோராவுக்குத் துணைக்கு இருத்திவிட்டு, எட்டு மணிக்கே அக்காவும் பிறின்சும் சியாகுல்லியில் நின்றார்கள். சிஞ்ஞோர் நீனோ தண்ணீர்ப் பம்புக்கு முன்னால் குந்தியிருந்தார். "இன்றைக்கா? பம்பு திருத்துகிறவன் வருவானே. நாளைக்குப் போவோம், என்ன அவசரம்?" என்று சிரித்தார். கோப்பி வைக்கட்டுமா என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள். பிறின்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

 மரநிழலில் நின்ற சிஞ்ஞோர் நீனோவின் பழைய காருக்கு அக்கா நடந்து போய், ஓட்டுகிறவரின் இருக்கைக்குப் பக்கத்து முன்கதவைத் திறந்தார். இருக்கையில் கிடந்த சாக்கையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் கீழே வைத்தார். ஏறி இருந்து, கதவை அடித்துச் சாத்தி, சீற் பெல்ற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு, நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.