பெரியக்காவுக்கு வந்த வேலை

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கம்பெனி வேலை கிடைத்தது என் பெரியக்காவுக்குத்தான். உத்தரவு வந்தபோது அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவள் உயிரோடு இருந்த நாளில், ஒரு வெயில் நேரத்தில், ரேஷன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரை எண்ணினார் வேன்காரர். படப்பையில் இரண்டு வேன் வைத்திருந்தவர். ஒரகடம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். எங்கள் கடலைக்கொல்லை அப்போதுதான் கம்பிவேலிக்குள் போயிருந்தது. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் செம்மண், செம்மண்ணுக்கு மேல் இரும்பு, இரும்புக்கு மேல் நீலத் தகடு, தகட்டுக்கு மேல் எங்களுடையதாக மிஞ்சியிருந்த வானம். நிலத்தை எடுத்தாயிற்று. அடுத்து ஆளை எடுக்க வேண்டியதுதானே.

ரேஷன் கடைச் சுவரில் ஒரு சிவப்பு முக்கோணம் இருந்தது. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் முக்கோணம். நான் பிறந்த அன்று அந்தச் சுவரைத் தாண்டி வர அப்பா கூச்சப்பட்டாராம், மூன்றாவதும் பெண் என்று. அதே முக்கோணத்தின் மேல் இப்போது பசை காயாத நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆட்கள் தேவை. பெண்கள் மட்டும். பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயது வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி.

"மூணும் பொண்ணாண்ணே? குடுத்து வெச்சவன்யா நீ" என்றார் வேன்காரர்.

அப்பாவை அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், தனக்கும் ஏதாவது இருக்குமா என்று.

"உன்ன வெச்சி நான் இன்னா பண்றது? கார்க்கு ஒயர் பின்ற வேலைண்ணே அது. கை சின்னதா இருக்கணும், கண்ணு கூரா இருக்கணும், வாய் இருக்கவே கூடாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஏர் பிடித்த கை. அதை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அப்போது எனக்குப் பத்து வயது. கொடியில் பிஞ்சு சுரைக்காயைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் எட்டு வருசம் போவட்டும்" என்றார் வேன்காரர். சின்னக்கா பத்தாவதில் கணக்கில் போனவள், அதனால் தள்ளுபடி. பெரியக்காவின் பெயரைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதத்தில் பெரியக்காவுக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பி வந்தது உடம்பு மட்டும். அம்மா அன்று அழவில்லை. தெருப் பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடும்மே, உள்ள வெச்சிக்கினு இருக்காத" என்று கெஞ்சினார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. அடுப்பங்கரையில் ஒரு பாத்திரத்தின் மூடி தவறி விழுந்தால்கூட எல்லோரும் திடுக்கிட்டுப் போகும் அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது.

அந்த அமைதிக்குள்தான் உத்தரவு வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அப்பா படப்பைக்குப் போனார். என்னையும் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டார். வேன்காரர் கடிதத்தைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், ஒரு டீ சொன்னார். பிறகு கேட்டார்:

"ரேஷன் கார்டுல பேர எடுத்துட்டியா?"

"இல்லப்பா. அது இன்னும் எடுக்கல."

"சாவு பதிஞ்சிட்டியா?"

"அதெல்லாம் எங்க. எரிச்சதோட சரி."

"அப்ப அது உயிரோட தாண்ணே கீது. வூட்ல இன்னொன்னு சும்மா தான குந்திகினு கீது? மூஞ்சி ஒரே அச்சு. அந்த மார்க் ஷீட்ட எடுத்துக்கினு இத்த அனுப்பு. ஒரு தலை போச்சின்னா இன்னொரு தலை. கம்பெனிக்கு இன்னா தெரியப் போவுது?"

 அப்பா வீட்டில் இதைச் சொன்னபோது சின்னக்காதான் பேசினாள். "நான் அவ இல்லியே" என்றாள். அவ்வளவுதான், மூன்றே சொல். அதற்குள் அப்பா வீட்டின் நிலைமையை எடுத்து விரித்தார்: நிலம் இல்லை, கூலிக்குக் கூப்பிட ஆள் இல்லை, நான் படிக்க வேண்டும், இவளைக் கட்டிக் கொடுக்க வேண்டும். அம்மா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மார்க் ஷீட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அதைச் சின்னக்காவின் கையில் வைத்து, ஏழு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக, பெரியக்காவின் பெயரைச் சொல்லி, "போய்ட்டு வா" என்றாள்.

வீட்டில் மறுபடியும் பேச்சு வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வேலையில் சேரும் முன் கம்பெனியிலிருந்து வீட்டைப் பார்க்க இரண்டு பேர் வருவார்கள் என்று வேன்காரர் சொல்லியிருந்தார். மாலை போட்ட பெரியக்காவின் படத்தைக் கழற்றி நெல் குதிருக்குள் போட்டார்கள். குதிரில் நெல் இல்லாமல் போய் ஒரு வருஷம். எனக்குப் பாடம் நடந்தது. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னிடம் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால் இப்படிச் சொல்லணும், கேட்காவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் கையில் ஃபைல். சின்னக்காவைக் காட்டி, "இது யாரு பாப்பா?" என்று கேட்டார். பெரியக்காவின் பெயரைத் தடுமாறாமல் சொன்னேன். வீட்டில் எத்தனை பேர் என்றார். நான்கு பேர் என்றேன்.

"கார்டுல அஞ்சு பேர் இருக்கே?"

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.  அம்மா தரையைப் பார்த்தாள். வகுப்பில் யாருக்கும் தெரியாத கேள்விக்கு எனக்கு மட்டும் பதில் தெரிந்தால் உடம்பில் ஒரு துள்ளல் வரும், அது வந்தது.

"அது எங்க சின்னக்கா சார். செத்துப் போச்சு. காமாலை வந்து."

ஃபைல்காரர் உச்சுக் கொட்டினார். எழுதிக்கொண்டார். என் கன்னத்தைத் தட்டி ஒரு சாக்லெட் கொடுத்தார். அவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்போடு சின்னக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். நின்றபடியே அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை அவளே குடித்தாள்.

அவர்கள் போன பிறகு அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். நாளைக்கு வம்பு வரக் கூடாது என்று வேன்காரர் சொன்னதால், அடுத்த வாரமே ரேஷன் கார்டில் சின்னக்காவின் பெயரை அடித்துக்கொண்டு வந்தார்கள்.

விடியும் முன் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். உதவியாளன் ஒருவன் இறங்கிக் காகிதத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவான். முதல் நாள் பெரியக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. சின்னக்கா கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருந்தாள், காதில் விழாதவள் போல. இரண்டாம் முறை கூப்பிட்டான். எங்கள் வாசலிலிருந்து அம்மாதான் குரல் கொடுத்தாள்.

"தோ, வருதுப்பா."

அதிலிருந்து ஒருநாள் தவறாமல் அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். மழைக்கு நின்றாள், காய்ச்சலோடு நின்றாள். பெயர் காதில் விழும் வரைக்கும் நிற்பாள். விழுந்ததும் உள்ளே வந்துவிடுவாள், வேன் கிளம்பும் வரை இருக்க மாட்டாள். மகளை வழியனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும். தெரிந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கன்னிப்பெண்ணாக அதே வேனில் போனாள். வயதைக் கூட்டிப் போனவளும் உண்டு, குறைத்துப் போனவளும் உண்டு. பள்ளியில் எங்களுக்கு மனித வளம் என்று ஒரு பாடம் வந்தது. மண் ஒரு வளம், நீர் ஒரு வளம், மக்களும் ஒரு வளம் என்றார் வாத்தியார். முந்தின வருஷம்தான் மக்கள்தொகையால் நாடு மூழ்கப் போகிறது என்று அதே வாத்தியார் எங்களைப் பயமுறுத்தியிருந்தார். உதாரணத்துக்கு என்னை எழுப்பி நிறுத்தி, "இவங்க அக்கா மாதிரி" என்றார். எந்த அக்கா என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் டி.வி. வந்தது, மேலே சிமெண்டுக் கூரை வந்தது. ஷிப்டு முடிந்த ஞாயிறுகளில் கூட வேலை செய்யும் பெண்கள் வருவார்கள். தெற்கத்திப் பெண்கள், விடுதியில் தங்கியிருந்தவர்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர்கள். அவர்கள் சின்னக்காவைப் பெரியக்காவின் பெயரால் கூப்பிட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அந்தப் பெயர்தான். அம்மா கையிலிருந்த கரண்டியை நிறுத்திவிட்டு, "அவ கொல்லையில கீறா, கூப்புடும்மா, நல்லா சத்தமா கூப்புடு" என்பாள். அவர்கள் கூப்பிடக் கூப்பிட அவர்கள் இலையில் மீன் துண்டு கூடும்.

வல்லக்கோட்டையில் ஒரு கிருத்திகையன்று அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் ஐயர். அம்மா பெரியக்காவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

"நட்சத்திரமாச்சும் என்னுத சொல்லும்மா" என்றாள் சின்னக்கா, அடிக்குரலில்.

"எல்லாம் ஒண்ணு தான்டி" என்றாள் அம்மா.

ஒன்றுதான் போலிருக்கிறது என்று நானும் கும்பிட்டேன்.

மூன்று வருஷம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்த வேனில் போனவர்கள் எல்லோரையும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷம் முடிந்தால் நிரந்தரம் என்று ஒரு பேச்சு இருந்தது. வேன்காரர் மறுபடி ரேஷன் கடை வாசலில் நாற்காலி போட்டார். "இன்னா பண்றது, புதுசு நெறைய கீது, இன்னும் வந்துகினே கீது" என்றார். சின்னக்கா அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்து படுத்தாள். முகத்தில் துக்கம் இல்லை. வெகுநாள் கழித்து அவள் சும்மா படுத்திருந்ததைப் பார்த்தேன். "இனிமே நான் நானா இருக்கலாம்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சிரித்தாள்கூட.

மறுநாளும் விடியும் முன் வேன் வந்தது, புதிய பெண்களுக்காக. அம்மா வாசலுக்குப் போனாள், பழக்கத்தில் போகிறாள் என்று நினைத்தேன். உதவியாளன் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். எல்லாம் புதுப் பெயர்கள். கடைசிப் பெயரும் முடிந்து கதவு மூடி வேன் திரும்பியது.

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். அப்படி ஓர் அழுகையை அதற்குமுன் எங்கள் தெரு கேட்டதில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மார்பில் அறைந்துகொண்டு, பெரியக்காவின் பெயரைச் சொல்லிச் சொல்லி, என் கண்ணே, என் தங்கமே, என்னை விட்டுட்டுப் போயிட்டியே என்று ஒப்பாரி. தெருவே ஓடி வந்தது. அப்பா கூச்சத்தில் கையைப் பிசைந்தார். "வேலை போச்சி, அதான்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் வேலை போயிருந்தது.

சின்னக்கா வந்து அம்மாவுக்கு எதிரில் குந்தினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். "யம்மா, நான் கீறேன்மா. இங்க தான கீறேன். என்னப் பாரும்மா."

அம்மா பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அடுப்பு பற்றவில்லை, ஒரு வேலைக்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று. பதின்மூன்று வயது, கேள்விகளுக்கெல்லாம் பதில் வைத்திருந்த வயது. அம்மாவின் காதருகில் குனிந்தேன்.

"அழுவாதம்மா. பென்னலூர் கிட்ட வேற கம்பெனிக்கு ஆள் எடுக்குறாங்களாம். மார்க் ஷீட்டு நம்ம கிட்ட தான கீது? அதே பேர்ல சேத்துடலாம்."

அழுகை அறுந்தாற்போல் நின்றது. அம்மா முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, அன்று காலையில் முதன்முறையாக, சின்னக்காவைப் பார்த்தாள்.

சின்னக்கா அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து உள்ளே போனாள். தெருப் பெண்கள் என்னைச் சூட்டிகையானவள் என்றார்கள். அம்மாவின் அழுகையை நிறுத்தியது நான்தான் என்ற பெருமையில், சாப்பிடாமலே, அன்று பள்ளிக்கூடம் வரை ஓடினேன்.