மைனஸ் இருபத்தேழு

காலை ஆறு மணி, பகல் ஒரு மணி, மாலை ஏழு மணி. ஒரு நாளைக்கு மூன்று வேளை அவர் தன் வீட்டு இணையத்தின் வேகத்தை அளந்துவிடுவார். ரத்த அழுத்த மாத்திரையைக்கூடச் சில நாள் மறப்பார், இதை மறந்ததே கிடையாது. வைஃபையில் பார்த்தால் அளவு துல்லியமாக வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு நீல நிற வயரை வாங்கி வந்து மோடத்தையும் பழைய மடிக்கணினியையும் நேராகவே இணைத்து வைத்திருந்தார். திரையில் முள் ஏறும், இறங்கும், ஓரிடத்தில் நிற்கும். நின்ற எண்ணைக் கோடு போட்ட நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், பிங். பிங் என்றால் என்னவென்று முதலில் அவருக்கும் தெரியாது. இங்கிருந்து போன சேதி அங்கே தொட்டுத் திரும்பி வர ஆகும் நேரம் என்று பிறகு தெரிந்துகொண்டார்.

இரண்டாவது மாடியில், இரண்டே அறை கொண்ட வீட்டில், தனியாக இருக்கும் மனிதருக்கு எதற்கு இத்தனை வேகம் என்று நீங்கள் கேட்கலாம். அவர் படம் பார்ப்பதில்லை, பாட்டுக் கேட்பதில்லை, யாருடனும் அரசியல் சண்டை போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அதற்காகத்தான் எல்லாம். வாரத்தின் மற்ற ஆறே முக்கால் நாளும் அந்த ஓர் அழைப்புக்குக் காவல் இருப்பதே அவருடைய வேலையாகிவிட்டது.

எண் எழுதும் பழக்கம் அவருக்குப் புதிதில்லை. கல் குவாரியின் எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்தவர். லாரி காலியாக வந்தால் ஓர் எடை, ஜல்லி ஏற்றிப் போனால் ஓர் எடை. அவருக்கு அங்கே ‘தராசு’ என்றுதான் பெயர். ஓட்டுநர்கள் எவ்வளவோ குழைந்து பார்த்திருக்கிறார்கள்.

“அண்ணே, ஒரு அரை டன் கொறச்சுப் போட்டுக்கோங்களேன். உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?”

“மேடை சொல்றதத்தான் நான் எழுதுவேன். நீ போய் மேடைகிட்ட கேளு.”

முதலாளியே ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். தராசு அசைந்து கொடுக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து, “நான் கொஞ்சம் குண்டாயிட்டேனா?” என்று ஆசையாகக் கேட்ட மனைவியிடம், “ரெண்டு கிலோ இருக்கும்” என்றார். அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. கிலோவுக்கு ஒரு நாள்.

அந்த அம்மாள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை பேச்சு அவளுடைய இலாகா. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மகள் என்ன சமைத்தாள் என்பதில் தொடங்கி மகளின் பக்கத்து வீட்டுக்காரியின் மூட்டுவலி வரைக்கும் விசாரிப்பாள். இவர் ஓரமாக உட்கார்ந்து, பாதி முகம் திரையில் தெரிய, தலையாட்டுவார். கடைசியில், “அப்பாகிட்ட பேசறியா?” என்று போன் கைமாறும். “நல்லாருக்கியாம்மா?” “நல்லாருக்கேம்பா.” அதோடு போன் திரும்பிப் போய்விடும். அப்பாவும் மகளும் பிரியமில்லாதவர்கள் இல்லை. பேச்சு என்பது எப்போதும் அவள் வழியாகவே போய் வந்திருந்தது, அவ்வளவுதான்.

அவள் போன பிறகு படுக்கையறையில் இருந்த இரும்பு பீரோ அவரைப் படுத்தி எடுத்தது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண் விழித்தால் இரட்டைக் கட்டிலில் ஒற்றை ஆளாகத் தான் கிடப்பதை அது தவறாமல் காட்டியது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராவது நாள் பீரோவின் காலடியில் பழைய போர்வையை மடித்துக் கொடுத்து, மூச்சு வாங்க வாங்கத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்து கூடத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டார். உதவிக்குக் கூப்பிட யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. “சாப்பிட்டீங்களாப்பா?” “ஆச்சும்மா.” “மாத்திரை?” “போட்டேன்.” “அங்க வெயிலா?” “வெயில்தான்.” பத்தாவது நிமிஷம் இருவருக்கும் வார்த்தை தீரும் சமயத்தில் திரையில் மகளின் படம் அப்படியே நின்றுவிடும். வாய் பாதி திறந்திருக்கும், ஒரு கண் மூடியிருக்கும். “லைன் சரியில்லப்பா, அப்புறம் கூப்பிடறேன்” என்று குரல் மட்டும் துண்டு துண்டாக வந்து அறுந்துபோகும். இந்த லைன் மட்டும் சரியாக இருந்தால் மகள் அரை மணி நேரமாவது பேசுவாள், மனசு விட்டுப் பேசுவாள் என்று அவர் உறுதியாக நம்பினார். நோட்டுப் புத்தகம் தொடங்கியது அப்போதுதான்.

புகார் எண்ணில் பேசிய பெண் பொறுமைசாலி. மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள எண்ணைக் கணினியில் அடிக்கச் சொல்லி, கடவுச்சொல் போடவைத்து, மோடத்தின் உள்பக்கத்தையே அவருக்குத் திறந்து காட்டிவிட்டாள். அங்கே உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவு என்று ஒரு வரி இருந்தது.

“அதுல என்ன சார் போட்டிருக்கு?”

“மைனஸ் இருபத்துநாலு.”

“சரி சார், அதையும் தினம் பாத்து வைங்க. மாறுச்சுன்னா கூப்பிடுங்க.”

சொல்ல வேண்டுமா? நோட்டில் இன்னொரு கோடு விழுந்தது. ஒரு மாதத்தில் இருபத்துநாலு இருபத்தைந்தாகி, இருபத்தாறாகி, இருபத்தேழில் வந்து நின்றது. எண் கூடினால் சரக்குக் கூடுகிறது என்று முப்பத்தோரு வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மைனஸ் குறி ஒரு தூசி மாதிரிதான் தெரிந்தது. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“ஏறுதும்மா! இன்னைக்கு இருபத்தேழு!”

“அப்படியாப்பா? போன வாரம் எவ்வளவு?”

“இருபத்தாறு. அதுக்கு முந்தின வாரம்...” என்று நோட்டைப் புரட்டுவார். வேகம் எவ்வளவு, பிங் எவ்வளவு, மழை நாளில் எவ்வளவு என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். மகள் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். ஒருமுறை, “உங்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லணும்பா” என்று சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் எண் ஏற ஏற, படம் இன்னும் சீக்கிரம் நின்றது. அது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. மறுபடியும் புகார் எண்ணைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை லைன்மேன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், இடுப்பில் பை, கையில் அளக்கும் சின்னக் கருவி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவரிடம் இவர் முதல் காரியமாக நோட்டை நீட்டினார். லைன்மேன் மரியாதையாக நாலு பக்கம் புரட்டினார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இது மைனஸ்ல இருக்கு. ஸீரோவுக்குக் கிட்ட வந்தாத்தான் நல்லது. இருபத்தேழுன்னா உள்ள வெளிச்சமே வரலேன்னு அர்த்தம். லைன் செத்துக்கிட்டு இருக்கு, நீங்க ஏறுது ஏறுதுன்னு எழுதி வச்சிருக்கீங்க.”

தராசுக்கு முகம் செத்துவிட்டது. ஓர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவைத்தார். ஒரு மாதமாக மகளிடம் அளந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வர, காது மடல் சூடாகியது.

“இது கண்ணாடி நூல் சார். உள்ள வெளிச்சம்தான் ஓடுது. எங்கயாவது அழுந்தி மடங்குச்சுன்னா வெளிச்சம் அங்கயே கசிஞ்சிடும்” என்றபடி லைன்மேன் வாசல் பக்கமிருந்து சுவரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பீரோவுக்குப் பின்னால் விரல் நின்றது. “இத எப்ப சார் இங்க வச்சீங்க?”

“மூணு வருஷம் ஆச்சு.”

“இதுதான் கழுத்தப் புடிச்சு நெரிக்குது. பெருக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சுவத்தோட தள்ளிட்டீங்கபோல.”

இரண்டு பேருமாக பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்தார்கள். நசுங்கிய இடத்தை வெட்டிவிட்டு லைன்மேன் புது நூலைச் சேர்த்தார், அது நீளமாக இருக்கட்டும் என்று பீரோவுக்குப் பின்னாலேயே தளர்வாகத் தொங்கவிட்டார். மோடத்தில் மைனஸ் பத்தொன்பது. முள் ஒரே தாவில் தொண்ணூற்றெட்டுக்குப் போனது. “ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டு வைங்க சார். இனிமே பளிச்சுன்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுப் புகார் காத்திருக்கிறது என்று கிளம்பிப் போனார். அவருக்கும் சேர்த்துப் போட்ட டீ இருந்தது. இவர் இரண்டையும் குடித்தார்.

சனிக்கிழமை முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. ஏழெட்டு முறை அளந்தார். ஞாயிறு காலை முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, ஒன்பதே முக்காலுக்கே மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு மடிக்கணினியில் அழைப்பு மணி அடித்தது.

மகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். நெற்றியோரம் நாலு நரை. அதை இத்தனை நாள் அவர் பார்த்ததில்லை.

“அப்பா! எவ்வளவு தெளிவா தெரியறீங்க!”

“பத்தொன்பதும்மா. ஒரு மடிப்புதான் காரணமாம். சரி பண்ணிட்டாங்க.”

“அப்பாடா. இனிமே பிரச்சினை இல்லையா?”

“ஒரு பிரச்சினையும் இல்ல.”

சாப்பாடு, மாத்திரை, வெயில் எல்லாம் ஆயிற்று. எட்டு நிமிஷம் ஆயிற்று. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார். ‘அப்புறம்?’ என்றாள். ‘அப்புறம் என்னம்மா, நீதான் சொல்லணும்’ என்றார். அவள் காதோர முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். எவ்வளவோ கேட்க நினைத்திருந்தார், ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. நோட்டு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதில் சொல்ல இனி என்ன இருக்கிறது? வைத்த கண் வாங்காமல் மகளின் முகத்தையே பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா? ஹலோ? கேக்குதாப்பா?”

கேட்டது. இவர் ஒரு தரம் கண்ணிமைத்திருந்தால் போதும். என்னவோ, இமைக்கவில்லை.

“அய்யோ, அப்பா நின்னுட்டாரு” என்றாள் அவள், பக்கவாட்டில் திரும்பி. அதோடு அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. அதன் அடியில் களைத்துப்போன ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். கண்களைக் கசக்கிக்கொண்டாள்.

“கட் பண்ணிட்டு வாயேன்” என்றது மாப்பிள்ளையின் குரல்.

“இருங்க. பாவம், சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு அவர்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியலங்க. லைன் கோளாறா இருந்தப்பவாவது அதப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்.”

கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு திரை கறுத்தது.

அதற்குப் பிறகும் அவர் அசையவில்லை. அழுகை வந்தது. மகள்மேல் கோபமில்லை. அவள் சொன்னது மேடை சொன்னதைப் போல அப்பழுக்கில்லாத அளவு. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று நினைத்திருந்தார். பழகவில்லை.

இன்னும் சற்று நேரத்தில் அவள் திரும்பக் கூப்பிடுவாள், என்ன ஆச்சு என்று கேட்பாள். லைன் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்த ஞாயிறும் இதே எட்டு நிமிஷம். லைன் கெட்டுவிட்டது என்று சொல்லலாம்தான். ஆனால் மோடத்தில் பத்தொன்பது என்று இருக்கும்போது வேறு எண்ணைச் சொல்லத் தராசுக்கு நாக்கு எழாது.

எழுந்தார். பீரோவில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார். போய்ப் பார்த்தார், இருபத்திரண்டு. வந்து மறுபடி தள்ளினார், இருபத்தைந்து. காலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்து, கடைசியாக ஒரு தள்ளு. திரும்பினால், கண்ணாடிக்குள் தேய்த்த சட்டைக்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். நோட்டை எடுத்துத் தேதி, நேரம் போட்டு, உள்ளது உள்ளபடி எழுதினார். எழுதி முடிக்கவும் கைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது. வீடியோ இல்லை, வெறும் குரல்.

“என்னப்பா, சரி பண்ணிட்டாங்கன்னீங்க, மறுபடியும் நின்னுபோச்சு?”

“மைனஸ் இருபத்தேழும்மா.”

“அய்யய்யோ, திரும்பவுமா?” மகளின் குரலில் உயிர் வந்தது. “காலையில எவ்வளவு இருந்துச்சு? முழுசாச் சொல்லுங்க.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். அன்றைக்கு அப்பாவும் மகளும் நாற்பது நிமிஷம் பேசினார்கள். ஓர் எண் விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். பீரோவைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.