கடைசி வரிசையில் இரண்டு இருக்கை

சின்னவள் ஜெயித்தவை கொஞ்சம்தான். ஆனால் ஒன்றுகூட அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. பள்ளிப் படிப்போடு நின்றுபோனவள், பட்டதாரிகள் வேலை கேட்டு வந்து போகிற ஒரு பயண அலுவலகத்தில் ஜன்னலோர நாற்காலியைப் பிடித்தாள். சிறு வயதில் திக்குவாய் அவளுக்கு. பேர் கேட்டால்கூட அக்காவைத்தான் பார்ப்பாள். பிறகு அதே வாயால் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசிச் சம்பளம் வாங்கினாள். குடியிருப்புச் சங்கத்தோடு மல்லுக்கு நின்று, வாசல் படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு கட்ட வைத்தாள். ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்த கணவனை ஒன்பது வருஷம் வைத்திருந்தாள். அத்தனை வருஷமும் படுத்தே கிடந்தவனுக்கு முதுகில் ஒரு புண் கிடையாது. இதைச் சொன்னால் நர்சுகள்கூட நம்ப மாட்டார்கள். அக்கா நம்புவாள். அவள் கைகொடுத்துப் புரட்டிப் படுக்க வைத்த முதுகு அது.

அக்காவை வீட்டில் பெரியவள் என்பார்கள். துணிகளை அளவு திருத்தித் தருகிற ஒரு கடையில் தையல் வேலை. ஒரு கால்சட்டையின் விளிம்பை மடித்தால், வெளிப்பக்கம் நூல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கையிலிருந்து விடமாட்டாள்.

சின்னவளின் வேலை புலி காட்டுவது. அதாவது, புலி பார்க்கப் போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது. தேசியப் பூங்காவின் எந்த வாசல் வழியாக உள்ளே போகலாம், காலைச் சுற்றா மாலைச் சுற்றா, அனுமதிச் சீட்டுப் பதிவு எப்போது திறக்கும், ஜீப்பில் யார் எங்கே உட்காருவது, என்ன நிறத்தில் உடுத்துவது, எல்லாம் அவள் கணக்கு. அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "புலி, உங்களுக்கு போன்" என்பார்கள். ஆனால் புலி ஒரு தடவைகூடக் காட்டுக்குப் போனதில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு திட்டத்தின் அடியிலும் ஒரு வரி அச்சாகியிருக்கும்: 'இதைத் தயாரித்தவர் இந்த இடத்துக்குப் போய் வந்தவர்.' அதன் கீழே கையெழுத்து. முதலாளியம்மா அந்த வரியை வைத்துத்தான் பெயர் வாங்கினவர். கடல் பயணத்துக்குக் கடல் போனவர் போடுவார், மலைக்கு மலை போனவர். புலிக்கு மட்டும் சின்னவள் எழுதி முடித்ததும் முதலாளியம்மாவே வந்து போடுவார். வயசுக் காலத்தில் எப்போதோ அவர் போய் வந்திருக்கிறார்.

"ரெண்டு நாள் லீவு தரேன், போய்ட்டு வாங்களேன்மா" என்று அவரும் சொல்லிப் பார்த்தார்.

"அவரை யார் புரட்டிப் போடுவாங்க?" என்பாள் சின்னவள்.

கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவன் அவள் கணவன். சாரம் சரிந்து விழுந்தான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. வாய் மட்டும் ஊர் வம்பெல்லாம் பேசும். மாலையில் சின்னவள் ஸ்பூனில் ஊட்டும்போது அன்று போட்ட திட்டத்தை அவனுக்குச் சொல்லுவாள். அதில் அவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிடுவாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்புவே?"

"இருட்டுல. வாசல் திறக்கறதுக்கு முன்னாடி வரிசையில நிக்கணும்."

"எனக்கு முன் சீட்டு."

"முன்னாடி டிரைவரும் வழிகாட்டியும். உங்களுக்கு மூணாவது வரிசை."

"ஏன், நான் என்ன பெட்டியா? பின்னாடி கட்டிட்டுப் போக?" என்பான். பெரியவள் அங்கே இருந்தால் அவளையும் இழுப்பான். "அக்கா, இவ புலி வரும்னு எழுதிக் குடுக்க மாட்டேங்கறா பாருங்க."

"அதை மட்டும் ஏற்பாடு பண்ண முடியாது" என்பாள் சின்னவள், வாயைத் துடைத்துவிட்டு.

காடு மூடிக் கிடக்கிற மழை மாதத்தில் அவன் செத்துப் போனான். காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, அவ்வளவுதான். சின்னவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். மாலையில் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். பெரியவள் அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலை மடக்கி வாடகைக்குக் கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு சின்னவள் கட்டில் இருந்த இடத்தில் நின்றாள்.

"ஏன்டி, என்கிட்டயாவது அழேன்."

"வரலையேக்கா."

"ஏதாவது சாப்பிடு."

"சாப்பிட்டேன்." என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யோசிப்பாள்.

குளிர் தொடங்கும்போது முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கோடைக்குள் பொறுப்பை மற்றவர்களிடம் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போவதாக முடிவு. "கையெழுத்துப் போட ஆள் இல்லாத பிரிவை மூடிடலாம்னு இருக்கேன். புலிக்கு நீங்க போட்டாத்தான் உண்டு. இப்பதான் உங்களைத் தடுக்க ஒண்ணும்..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்லம்மா, நிஜம்தானே" என்றாள் சின்னவள். புலிப் பிரிவு மூடினால் ஜன்னலோர நாற்காலியும் போகும், அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையும் போகும். இதை அவள் பெரியவளிடம் சொன்னபோது, யாரோ ஒருவருடைய நாற்காலியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. பெரியவள்தான் பயந்தாள். காலையில் எழுந்து போக அந்த இடமும் இல்லாவிட்டால் இவள் என்ன ஆவாள்?

"போயேன்டி. ஒரு தடவை போய்ட்டு வந்து கையெழுத்தைப் போடு."

"சரி" என்றாள். அன்றைக்கே சீட்டும் போட்டாள்.

அச்செடுத்த அனுமதிச் சீட்டைத் தையல் கடைக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தாள். பெரியவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். "ரெண்டு பேர்னு இருக்கு? எனக்கும் சேத்துப் போட்டியா?" என்றாள். பிறகு அடுத்த வரியைப் படித்தாள். அங்கே செத்துப் போனவனின் பெயர் இருந்தது. வயது இருந்தது. அடையாள அட்டை எண்ணும் ஓர் இலக்கம் பிசகாமல் இருந்தது.

பெரியவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் எப்பவும் சொல்ற மாதிரியே போட்டுட்டேன்" என்றாள் சின்னவள். "அவருக்கு மூணாவது வரிசை. கடைசி."

"என் பேருக்கு மாத்தேன்."

"பேர் மாத்த முடியாது. காட்டுல அதுதான் ரூல். நான்தான் எல்லாருக்கும் சொல்லுவேன்."

"அவர் பேரை மட்டும் ரத்து பண்ணேன்."

"பண்ணலாம்" என்றாள். பண்ணவில்லை.

வாசல் வரைக்கும் துணைக்கு வருகிறேன் என்று பெரியவளும் கிளம்பினாள். ரயிலில் ஒரு பகல், பஸ்ஸில் அரை நாள். விடுதி அறையில் இரண்டு கட்டில், பாசி பிடித்த ஒரு வாளி, வெந்நீர் வராத ஒரு குழாய். குழாயைச் சின்னவள் இரண்டு தடவை திறந்து பார்த்தாள். பெரியவள் தங்கையின் ஸ்வெட்டரில் அவிழ்ந்திருந்த ஒரு தையலைப் போட்டுக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விடியலில் காட்டு வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. வழிகாட்டி ஒவ்வொரு பெயராக வாசித்து அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். சின்னவள் பெயருக்குப் பிறகு அவள் கணவன் பெயரை வாசித்தார். சின்னவள் பையிலிருந்து இரண்டு அட்டையை எடுத்து நீட்டினாள். அவனுடைய அட்டையை எடுத்து வந்தது பெரியவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இவர் எங்கம்மா?"

"வரலை."

"ஆள் வரலைன்னா அட்டை எதுக்கு?" என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் தப்பு இல்லை. சின்னவள் வாங்கி உள்ளே வைத்தாள். ஜீப் கிளம்பிப் போனது. பெரியவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தங்கையின் முதுகுக்குப் பக்கத்தில் காலியாகப் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நடந்ததைச் சின்னவள் பிறகு சொன்னாள். அவளுக்கு முந்தின வரிசையில் இருந்தவர் காலி இருக்கையில் கேமராப் பையை வைக்கப் பார்த்தாராம். "மடியில வச்சுக்கங்க" என்றாளாம் இவள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வைத்துக்கொண்டாராம். மான் நின்றது, மயில் போனது. ஒரு வளைவில் எல்லா ஜீப்பும் நின்றன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாத்தியா?" என்றாள் பெரியவள்.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

சின்னவள் யோசித்தாள். "மஞ்சளா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"பாதையைக் குறுக்கே தாண்டிப் போச்சு. எல்லாரும் அழற மாதிரி ஆயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தோணலைக்கா. ஒரு கம்பளி பத்தாதுன்னு நெனச்சேன். கடைசி வரிசையில தூசி அப்புதுன்னு நெனச்சேன். அவருக்கு இருமல் வந்திருக்கும்." அதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் இல்லை. தலைமுடியில் மட்டும் செம்மண் தூசி. பெரியவள் முந்தானையால் தட்டிவிட்டாள்.

ஊர் திரும்பியும் சின்னவள் கையெழுத்துப் போடவில்லை. திட்டங்களை முன்போலவே எழுதி முதலாளியம்மாவின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு போட்டுவந்தார். ஒரு நாள் பெரியவள், முதலாளியம்மா கொடுத்திருந்த துணிகளை அளவு திருத்தி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"என்னால கோடு எங்க இருக்குன்னு பாக்க முடியலை. நீங்க ஏன்மா போடலை?"

"பாத்தவங்க போடறது அது" என்றாள் சின்னவள். "எனக்கு ஒண்ணுமே தோணலைம்மா. பாத்தேன்னு எப்படிப் போடுவேன்?"

"அந்த வரியைப் படிங்க."

சின்னவள் படித்தாள்.

"தோணுச்சான்னு போட்டிருக்கா?"

"இல்லை."

"போனீங்களா, வந்தீங்களா?"

"போனேன். வந்தேன்."

"அப்புறம் என்ன?" என்றார். பெரியவளைப் பார்த்து, "உங்க தங்கச்சிய வச்சுக்கிட்டு எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்றார்.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க" என்றாள் பெரியவள். குரலில் பெருமை வழிந்தது. மறைக்க அவளுக்குத் தெரியாது.

சின்னவள் தாளைத் திரும்ப ஜன்னலோரத்துக்கு எடுத்துப் போனாள். ஒரு குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், காலைச் சுற்று. கையெழுத்துக்கு முன்னால் சில வரிகள் சேர்த்து மறுபடி அச்செடுத்தாள். எப்போதும்போல் பிழை பார்க்க ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். இந்த முறை கேட்டது பெரியவள்.

"ஆளுக்கு இரண்டு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் தூசி அதிகம், இருமல் உள்ளவர்களை நடுவில் உட்கார வையுங்கள். புலி தெரியும் என்று சொல்ல முடியாது. தெரிந்தாலும் நீங்கள் நினைத்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றும் தோன்றாவிட்டால் பரவாயில்லை. போய் வாருங்கள்."

"தப்பு இருக்காக்கா?"

"இல்லை" என்றாள் பெரியவள்.

சின்னவள் பேனாவைத் திறந்தாள். சுழியும் கோடும் போட்டு அலங்கரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி தன் பெயரை முழுசாக எழுதினாள். பக்கத்தில் தேதி போட்டாள்: 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.