பெனியாமினா மகளின் மூன்றாவது பாடம்

பேருந்து ஓட்டும்போது மட்டும்தான் பெனியாமினாவின் வாய் மூடியிருக்கும். மற்ற நேரமெல்லாம் அந்த அப்பாவுக்கு மகள் புராணம்தான். மசினா நர்சிங் படிக்கப் போகிறாள் என்பதை அவர் வாயால் கேட்காதவர், சமோவாவிலிருந்து வந்து எங்கள் சனங்கள் குடியேறிய இந்த மாங்கெரேயில் யாராவது இருந்தால், அந்த ஆள் அன்று காலைதான் விமானத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். கடைசி வகுப்புப் பிள்ளைகளின் பாடங்களைக் கவனித்துக்கொள்ளும் மிஸ் பௌலோ, அவரையும் மசினாவையும் எதிரில் உட்காரவைத்தார். சமோவா மொழிப் பாடம் நடத்துவதும் அவர்தான்.

"மசினாகிட்ட கிரெடிட், அதான் பாடத்துல தேறித் தேறிச் சேத்த புள்ளி, நெறைய இருக்கு. ஆனா யூனிவர்சிட்டிக்குப் போதாது."

"நெறைய இருந்தும் போதாதுன்னா என்ன கணக்கு மிஸ் இது?"

"அவங்க ஒத்துக்கற பாடமா மூணு வேணும். உயிரியல், இங்கிலீஷ் ரெண்டும் முடிஞ்சாச்சு. மூணாவது இல்ல. சமையல் பாடமும் காபி போடற பாடமும் அதுல சேராது."

போன வருடம் மசினாவின் பாடப் பட்டியலில் சமோவா மொழியை அடித்துவிட்டுச் சமையலைச் சேர்த்தவர் சாட்சாத் பெனியாமினாவேதான். "வீட்ல ஓசியில கெடைக்கறதப் படிக்கவா ஸ்கூலுக்குப் போற?" என்று அன்றைக்குப் பெரிதாக ஜோக் வேறு அடித்தார். எங்கள் சனங்களில் பாதிப் பேர் செய்கிற முட்டாள்தனம் இது. அவர் கொஞ்சம் சத்தமாகச் செய்தார், அவ்வளவுதான்.

"இப்பவும் வழி இருக்கு," என்றார் மிஸ் பௌலோ. "சமோவா மொழிய எடுக்கட்டும். அக்டோபருக்குள்ள என் வகுப்புல உரையாடணும், எழுதணும், கடைசியா ஒரு பேச்சு. மூணும் தேறினாப் போதும். ஒண்ணு போனாலும் நர்சிங் போச்சு. வீட்ல பேசறாதானே?"

"பேசறாளாவா? வாய மூடினாத்தானே!"

மசினா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் சமோவா மொழியில் கேட்கிறார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். வருடக்கணக்காக இதுதான் நடக்கிறது. வீட்டில் மொழி செழித்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார் மனிதர்.

சும்மா இருப்பாரா? அவரே வாத்தியாராகிவிட்டார். சமோவாவில் ஊர்த் தலைவர்கள் சபையில் முழங்குகிற மாதிரி, முன்னோர், மலை, கடல் என்று எல்லாரையும் இழுத்து ஒரு பேச்சை எழுதிக் கொடுத்தார். முதல் வரியிலேயே மசினாவுக்கு நாக்குப் புரளவில்லை. மனைவி லெபெகாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீ என்ன ஊருக்குத் தலைவனா? பஸ் ஓட்டறவன்தானே. புள்ளைய நிம்மதியா விடு."

உரையாடலும் எழுத்தும் எப்படியோ தேறின. பேச்சு நாளன்று பெனியாமினா லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெருமை அடித்ததற்கு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்பதுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் மகள் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வரிசைக்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

போன் அடித்தது.

"தேறிட்டா," என்றார் மிஸ் பௌலோ. "மூணாவது பாடமும் முடிஞ்சுது. நர்சிங்குக்குப் போகலாம்."

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கடவுளுக்கு நன்றி சொன்னார்.

"ஆனா நீங்க எழுதின பேச்ச அவ பேசல."

"பின்ன எதப் பேசினா?"

"உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டேன், சொல்லுங்கன்னா. சின்ன வயசுல, பிள்ளைகள் ஞாயிறன்னிக்கு, சர்ச்சுல வசனம் சொல்றப்ப ஒரு வார்த்த தப்பாயிடுச்சாம். நீங்கதான் மொதல்ல சிரிச்சீங்களாம். அப்புறம் சர்ச்சே சிரிச்சுதாம். அன்னையிலேர்ந்து சமோவா மொழியில வாயத் தொறக்கலையாம். அதத்தான் பேசினா. அங்கங்க தப்பு இருந்துச்சு. ஆனா வகுப்புல ஒரு புள்ள அசையல."

பெனியாமினாவுக்கு அந்தச் சிரிப்பு நினைவிலேயே இல்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது. ஆனாலும் பிள்ளை தேறிவிட்டாள். நிம்மதியும் வெட்கமும் சேர்ந்து அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பள்ளி விட்டதும் மகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லெபெகா மகளைக் கட்டிக்கொண்டு வீடே அதிரக் கத்தினாள்.

சாயங்காலம் மசினா சமையலறையிலிருந்து, சமோவா மொழியில், கணீரென்று கூப்பிட்டாள். பெரிய தலைவர்களுக்கு மட்டுமே சொல்கிற வார்த்தைகள்.

"மாண்புமிகு தந்தையே, எழுந்தருளி அமுது செய்ய வாருங்கள்!"

மேசையில் நேற்றைய சேமியாக் கறி இருந்தது. பெனியாமினாவுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்து, கண் பிதுங்கியது.

"அய்யோ அப்பா, சிரிங்க! ஜோக்குப்பா!"

"நெஜமாவே ஜோக்குதானே?"

"ஜோக்குதான்," என்றாள், அதையும் சமோவா மொழியிலேயே.

அதற்கப்புறம்தான் சிரித்தார்.