உள்ளே விட்ட துணி

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, குழித்துறையிலிருந்து வந்திருந்த அவளுடைய அத்தை, நாற்காலியில் சாய்ந்து போனில் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்.

கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. முகூர்த்தப் பட்டோடு சேர்ந்து வந்த துணியில் நான் தைத்துக் கொடுத்த பிளவுஸ் பெண்ணுக்குச் சேரவில்லை. கீழே இரண்டு கொக்கி மாட்டியது. மேலே மூன்று விரல் இடைவெளி.

"அளவெடுக்கும்ப தூங்கிட்டியளாக்கா?" என்றாள் அம்மா.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு என்று என் கோணல் எழுத்தில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுதிய எண். அதை நானே நம்பமாட்டேன். மறுபடியும் பார்த்தேன். முப்பத்தாறுதான்.

"எதுக்கு சத்தமும் பெகளமும் மைனி? தும்பு விட்டிருப்பாவ. பிரிச்சு விட்டா தீந்துது" என்றாள் அத்தை.

அந்தத் துணிக்குத்தான் எத்தனை பெயர்! பிறகு உடம்பு போட்டால் பிரித்துவிடலாம் என்று, தையலுக்கு உட்பக்கம் வெளியே தெரியாமல் விடுகிற துணி. குழித்துறைப் பக்கம் அது தும்பு. காலேஜ் பிள்ளைகளுக்கு மார்ஜின். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவள் இடம் என்பாள், வெட்டும் முன்னாலேயே "இடம் விட்டியா?" என்று மூன்று தடவை கேட்பாள். இந்தப் பெண்ணின் அம்மா, போன வருஷம் தனக்குத் தைத்த பிளவுஸை வாங்கிய அன்றைக்கு உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன உள்ள இம்புட்டு வேஸ்ட்?" என்றாள். என் வீட்டுக்காரரைக் கேட்டால், "அது துணி இல்ல, இவளுக்க பயம்" என்பார்.

பெயர் வைப்பதற்கு மட்டும் ஆள் உண்டு, மதிப்பதற்கு ஒருத்தரும் கிடையாது. தைத்துக் கொடுக்கும்போது உறுத்துகிறது, தடிப்பாகத் தெரிகிறது, மிச்சத் துணியைத் திருப்பித் தராமல் உள்ளே அடைத்துவிட்டாள் என்று ஆயிரம் குறை. இரண்டு வருஷம் கழித்துக் கை நுழையவில்லை என்றால் மட்டும், நான் என்னவோ அவர்கள் நகையை வாங்கி வைத்திருப்பதுபோல வந்து நிற்பார்கள். மற்றவர்கள் ஒரு இஞ்ச் விடுகிற இடத்தில் நான் ஒன்றரை விடுவேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக்கொள்ளட்டும் என்று பக்கத்துக்கு மூன்று தையல் போடுவேன்.

அந்தத் தைரியத்தில்தான் பெண்ணைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், பிளவுஸைக் கழற்றி, உட்பக்கம் திருப்பினேன். தும்பைக் காணோம். மூன்று தையலில் உள்தையல் ஒன்றுதான் மிச்சம். அதை ஒட்டி வெட்டி, பச்சை நூலில் ஓவர்லாக் அடித்திருந்தது. என்னிடம் ஓவர்லாக் மெஷினே கிடையாது.

நிமிர்ந்து பார்த்தேன். பெண்ணின் கண் நிறைந்திருந்தது.

"ஆன்டி, அம்மைட்ட சொல்லிராதீங்க. நான்தான் வடசேரியில ஒரு கடையில குடுத்து வெட்டுனேன்."

"எதுக்கு மக்கா?"

"நான் இன்னும் தடிப்பேன்னு நெனச்சுத்தானே நீங்க அவ்ளோ விட்டீங்க? பாக்க வந்த அன்னைக்கே மாப்பிள்ள வீட்டுல பொண்ணு கொஞ்சம் தடினு சொன்னாவ. நான் மெலிஞ்சிருவேன்னு நெனச்சேன். பொறவு எல்லா வீட்டுலயும் விருந்து, விருந்துன்னு கூப்பிட்டு..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏட்டி, நான் தலையணை உறைக்கும் ஒன்றரை இஞ்ச் விடுவேன். தலையணை தடிக்குமா?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

"உள்ள என்ன சிரிப்பு? தும்பு இருக்கா, இல்லியா?" என்று வெளியே இருந்து அம்மாவின் குரல்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தொழிலுக்குக் கெட்ட பெயர் வராது. ஆனால் மூன்று நாளும் அந்த வீட்டில் இதே பேச்சாக இருக்கும். இவள் தின்பதையும் நிறுத்திவிட்டு மணவறையில் மயங்கி விழுவாள். அப்படி விழுவதை நான் அப்போதே கண்ணால் பார்த்துவிட்டேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான் ஓடும்.

திரையை விலக்கி, "இல்ல. விட மறந்துட்டேன்" என்றேன்.

வீட்டுக்காரர் போனை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு, நீயா மறந்த? இஸ்திரிப் பெட்டி ஸ்விட்ச அணச்சோமான்னு நாலு மட்டம் எழும்பிப் பாக்கவளா?" நான் முறைத்த முறைப்பில் மறுபடியும் போனுக்குள் போய்விட்டார்.

"முப்பது வருஷமா தைக்கியளாம்!" என்றாள் அம்மா.

"எங்க பக்கம் தும்பு விடாதவளுக்கு ஒரு கைலிகூட மூட்டக் குடுக்கமாட்டாவ" என்றாள் அத்தை.

பல்லைக் கடித்துக்கொண்டேன். கல்யாணத் துணி எதுவானாலும், தாலி கட்டி முடியும்வரை அதன் வெட்டுத் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பேன். இதற்கும் வீட்டில் கேலிதான். அந்தக் கவரைத் தேடி எடுத்தேன். மூன்று விரல் அகலத்தில் இரண்டு துண்டு தேறியது. கைக்கடியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து மூட்டினேன். அந்தத் துண்டிலும் கொஞ்சம் தும்பு விட்டேன். பெண் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பொழுது சாயும் முன் எல்லாக் கொக்கியும் மாட்டியது. பிரித்துத் தைத்த கூலியைச் சொன்னேன்.

"மறந்தது நீங்க, கூலி நாங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு, பிளவுஸைப் பையில் போட்டுக்கொண்டு அம்மா இறங்கினாள். அத்தை பின்னாலேயே போனாள். பெண் மட்டும் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டுகிற நேரம் மாப்பிள்ளை பக்கம் என் கண் போகவில்லை. பெண்ணின் கையடித் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மாலையைப் போடக் கையைத் தூக்கினபோது எனக்கு மூச்சு நின்றது. தையல் நின்றது.

"போய்க் கேளேன்" என்று வீட்டுக்காரர் இப்போதும் சொல்லுவார். கேட்கப் போனால் அந்த அம்மா பழையதை எடுப்பாள், என் வாயிலிருந்து உண்மை வந்துவிடுமோ என்று பயம். கூலி முந்நூறு ரூபாய் இன்னும் வரவில்லை.