உள்ளிருந்து வந்த பதில்

தொண்ணூறுகளின் நடுவில், பாறைப் பாசிகளைப் பற்றி ஆராய எனக்கு உதவித்தொகை தந்தது வலியசாலையில் ஒரு குடும்பம் நடத்திய அறக்கட்டளை. ஓய்வுபெற்ற பொறியாளரும் அவர் மனைவியும் இறந்துபோன ஒரே மகளின் பெயரில் அதைத் தொடங்கியிருந்தார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள், பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், வருஷத்துக்கொரு கச்சேரியும் நடத்தினார்கள். அலுவலகம் என்பது அவர்கள் வீட்டு முன்னறைதான்.

நேர்காணலுக்குக் கரமனையிலிருந்து பஸ்ஸில் போனேன்.

"வித்துரா பக்கத்து ஓடைகள்லயாக்கும் வேலை?" என்று பொறியாளர் சார் கேட்டார். ஆமாம் என்றேன். என் விண்ணப்பத்தை மூடி வைத்தார்.

"செலக்ட் பண்ணியாச்சு. ஒரு காரியம் மட்டும். போறச்சே வாசல்ல நின்னு, 'அம்மா, போயிட்டு வரேன்'னு உரக்கச் சொல்லணும்."

"யார்கிட்ட சார்?"

"உள்ளே மாமி இருக்கா. சும்மா சொல்லு, கேட்டியா."

கூச்சமாக இருந்தது. நல்ல வெயில் நேரம், தெருவில் காய்கறிக்காரர் கூவிக்கொண்டு போனார். சொன்னேன். மூடியிருந்த உள்கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "சரி. தண்ணியில எறங்காதே."

ஏதோ கைவேலைக்கு நடுவே சொல்வது போன்ற சாதாரணக் குரல். சார் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

மாதாமாதம் அறிக்கை கொடுக்கப் போனேன். ஒவ்வொரு முறையும் சொல்லச் சொன்னார். சில நாள் பதில் வராது. வந்தால் அதே வார்த்தைகள்தான். வித்துராவில் நல்ல பாசியெல்லாம் ஓடையின் நடுப்பாறைகளில் இருந்தது. கோடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன்; கால் இறங்காது. என் ஆய்வேட்டில் கரையோரப் பாசிகள் மட்டுமே இருக்கின்றன. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் கட்டுரை அச்சானபோது இனிப்பு வாங்கிக்கொண்டு போய், "மாமியைப் பார்க்கலாமா சார்?" என்றேன்.

தயங்கியபடி கதவைத் திறந்தார். மாமி கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

"தப்பா நெனைக்காதே. கொழந்தை போனதுலேர்ந்து இவ பேசறதில்லை. எங்க பொண்ணும் உன்னாட்டம் செடி பறிக்கத்தான் வித்துராவுக்குப் போனா. ஓடை இழுத்துண்டு போயிடுத்து. அன்னிக்கு அவ சொல்லிண்டு போனது இவ காதுல விழலை. அதான் வர பொண்களை எல்லாம் சொல்லச் சொல்றேன். என்னிக்காவது பதில் சொல்ல மாட்டாளான்னு."

"சொல்றாளே சார். தண்ணியில எறங்காதேன்னு. மொதல் நாளே சொன்னா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. நல்ல சேதியைப் பக்கத்து வீட்டுக்கு முதலில் சொல்லிவிட்ட மனைவியைப் பார்ப்பதுபோல மாமியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேட்டதில்லையே," என்றார். பிறகு, "நான் இங்கேயே இருக்கேன். நீ போய்ச் சொல்லு."

வாசலில் நின்று சொன்னேன். மின்விசிறிச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து சார் வெளியே வந்தார். கண்கள் நனைந்திருந்தன.

"உனக்குக் கேட்டுதா?"

"இல்லை சார்."

"எனக்குக் கேட்டுது," என்றார். என்னவென்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு என்னை அவர் எதுவும் சொல்லச் சொன்னதில்லை. எனக்குப் பட்டம் கிடைப்பதற்குள் மாமி போய்விட்டார். சார் இன்னும் சில வருஷம், புதிதாக வந்த பெண்களுக்கும் உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தார். உள்கதவு அப்போதெல்லாம் திறந்தே கிடந்தது.