ஒரு பல்லுக்காக முப்பத்தெட்டு கிலோமீட்டர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய் வருவதையெல்லாம் பயணம் என்று எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். இந்த வலைப்பூவைப் படிக்கும் இரண்டு அம்மாக்கள் பிள்ளையின் பல் விஷயமாக விசாரித்ததால் எழுதுகிறேன். நாங்கள் போனது 2011 ஆகஸ்டில். எழுத இரண்டு வருடம் ஆகிவிட்டது.

என் மகள் இலக்கியாவுக்கு அப்போது ஏழரை வயது. கீழ்வரிசையில் முன்பக்கப் பால்பற்கள் இரண்டும் ஆறு வயதிலேயே விழுந்தன. ஒன்று முளைத்தது. இன்னொன்று ஒன்றரை வருடமாகியும் வரவில்லை. பள்ளியில் 'பொக்கை' என்று கூப்பிட, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். எனக்கு இன்னொரு பயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளைச் சுமந்தபோது குமட்டுகிறது என்று சத்து மாத்திரைகளைக் கொல்லையில் வீசிவிட்டேன். பி.எஸ்ஸி. படித்தவள் செய்கிற காரியமா?

முகமும் தாடையும் பல்லும் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ச்சி செய்யும் அம்மையார் ஒருவர் விழுப்புரத்தில் ஒரு முகாமுக்கு வருகிறார், விழுந்த பால்பல் இருந்தால் கொண்டு போங்கள் என்று எங்கள் பல் டாக்டர் சொன்னார். பல்லுக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிடுவோம். அப்போதுதான் புதுப்பல் முளைக்குமாம்.

காலை 7.10க்குப் பேருந்து. எனக்கு 14 ரூபாய், அவளுக்கு 7. (இப்போது கூடிவிட்டது.) கூட்டேரிப்பட்டில் ஐந்து நிமிடம் நின்றது. ஜன்னலோரம் ஒரு அம்மா அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) விற்க நீட்டினார். இலக்கியா வாயை மூடியபடியே தலையை ஆட்டிவிட்டாள். 8.25க்கு விழுப்புரம்.

ஆட்டோ நாற்பது ரூபாய். "பல்லு கேம்ப்பா? காலைலேர்ந்து கிழவனுங்களா ஏத்திக்கினு போறேம்மா. பாப்பாவுக்குமா பல்செட்டு?" என்றார் ஓட்டுநர். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பெயர் பதிந்து, எக்ஸ்ரே எடுத்து, உள்ளே கூப்பிட 11.15 ஆனது. அந்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். "நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க. எலிக்குஞ்சு வயித்துல இருக்கறப்பவே அதோட தாடைல பல்லு எப்படி அரும்புதுன்னு பாக்கறவ. பால்பல் எடுத்துட்டு வந்தீங்களா?"

இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இலக்கியா பையிலிருந்து பென்சில் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே காய்ந்த சாணி உருண்டை.

"நான் எறிஞ்சது மேல போகல. ஓட்டுல பட்டுக் கீழ உருண்டுடுச்சு. அதான் வரல. அம்மாகிட்ட சொல்லல" என்றாள். ஒன்றரை வருடமாக வைத்திருந்திருக்கிறாள்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப நல்லா பத்திரப்படுத்தியிருக்கே. ஆனா நீ எறிஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல கண்ணு. புதுப்பல்லோட அரும்பு நீ அம்மா வயித்துல இருக்கும்போதே உண்டாகணும். உனக்கு அந்த ஒண்ணு உண்டாகல." எக்ஸ்ரேயில் மற்ற பால்பற்களுக்கடியில் தெரிந்த புதுப்பல் அரும்பு அந்த இடத்தில் மட்டும் இல்லை. இனி வராது. வளர்ந்தபின் வேண்டுமானால் செயற்கைப் பல் வைக்கலாம்.

வயிற்றில் என்றதும் நான் மாத்திரை விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

"வீசினது தப்புதாங்க. ஆனா அந்தத் தப்புக்கும் இந்தப் பல்லுக்கும் சம்பந்தம் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல. இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது. எப்படி வருதுன்னுதான் தேடிட்டிருக்கோம். நீங்க கொஞ்சம் வாயத் திறங்க."

"நானா?"

சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு எண்ணினார். "நீங்க எப்பவாவது பல்லு பிடுங்கினீங்களா?"

"இல்லீங்க."

"கீழ முன்னால நாலு இருக்கணும். உங்களுக்கு மூணு. பக்கத்துப் பல்லெல்லாம் நெருங்கி வந்துட்டதால தெரியல."

இருபத்தொன்பது வருடம் சாப்பிட்டு, சிரித்து, கல்யாண போட்டோவுக்குப் பல்லைக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் எண்ணவில்லை, நான் உட்பட.

திரும்பும் பேருந்து 12.40க்கு. விக்கிரவாண்டி தாண்டியதும் இலக்கியா, "ஈ காட்டும்மா" என்றாள். விரலை வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "உனுக்கு யாரும்மா எறிஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டு, பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி, கையை வாயில் வைக்காமல் சிரித்தாள். கூட்டேரிப்பட்டு வந்ததும் அவளே கேட்டு மல்லாட்டை வாங்கினோம். ஒரு பொட்டலம் ஐந்து ரூபாய்.

பல் இன்றுவரை வரவில்லை. இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இப்படி ஒரு முகாமுக்குப் போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், தண்ணீரும் சாப்பாடும் எடுத்துப் போங்கள். விழுந்த பல் இருந்தால் கழுவிக் காகிதத்தில் மடித்து வையுங்கள், சாணி வேண்டாம். பிள்ளைக்குப் பல் விளக்கிவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள், நீங்களும் நன்றாக விளக்கிக்கொண்டு போங்கள். உங்களையும் வாயைத் திறக்கச் சொல்வார்கள்.